பச்சைப் புள்ளி வைத்த சிப்

இப்போதெல்லாம் வேலைக்கு வந்து சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்கிறார்கள். பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, அதில் இருக்கும் காம்பைலர் ஃப்ளாக் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து தங்கள் ப்ராஜெக்ட்டில் ஒட்டிவிடுகிறார்கள். "இது எதுக்குப்பா?" என்று கேட்டால், "தெரியல மேடம், ஏற்கனவே இருந்துச்சு" என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்த வேகத்தில் அடங்கியும் விடும். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் என்ன ஏது என்று யோசிக்காமல் ஒரே ஒரு ஃப்ளாக்கை மாற்றியவள்தான். அதனால் பெருங்களத்தூரில் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போகப் பார்த்தது. இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இன்றைக்குத்தான் கை வந்தது.

1. இடம் போதவில்லை

2006 வாக்கில் நான் குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். லிஃப்டுக்கான கன்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனி. மாடியில் நாங்கள், கீழே பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறை. பம்மலிலிருந்து தோல் கட்டு வந்து இறங்கும் நாளில் மாடியில் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாது. மொத்தம் ஒன்பது பேர். அதில் புரோகிராம் எழுதுவது நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது, ஒளிப்பானேன்.

போர்டின் நடுவில் ஒரு சிப் இருக்கும். இரண்டு பக்கமும் இருபது இருபது கால். சாக்கெட்டில் அழுத்திச் செருகினால் உட்காரும், நெம்பினால் வந்துவிடும். அதில் இரண்டு சைஸ் வாங்குவோம். கட்டடத்துக்குப் போகும் போர்டுக்குச் சின்ன சிப், 16 கே. ஆபீசில் டெஸ்ட் செய்ய பெரிய சிப், 32 கே. கால் எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே இடம்தான் வித்தியாசம்.

நாம் எழுதும் புரோகிராமை சிப்புக்குப் புரியும் பாஷைக்கு மாற்றிக் கொடுப்பது காம்பைலர். எப்படி மாற்ற வேண்டும் என்று அதற்கு நாம் கொடுக்கும் உத்தரவுதான் ஃப்ளாக். -O0 என்று கொடுத்தால், "நான் எழுதியதை வரிக்கு வரி அப்படியே செய், உன் சமர்த்தைக் காட்டாதே" என்று அர்த்தம். -Os என்று கொடுத்தால், "எப்படியாவது சுருக்கு, வேண்டாததைக் கழித்துக் கட்டு" என்று அர்த்தம். நான் சேர்ந்தபோது -O0 என்று இருந்தது. ஏன் என்று நானும் கேட்கவில்லை. ஏற்கனவே இருந்துச்சு.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு பில்டர் நாலு மாடி அப்பார்ட்மென்ட் கட்டினார். லிஃப்டுக்குள் சிவப்பு எழுத்து ஓடும் டிஸ்ப்ளே இருக்கும் இல்லையா, அது தமிழில் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார். "குடி வர்றவங்க எல்லாம் நம்ம ஆளுங்க மேடம். நல்வரவுன்னு ஓடினா எவ்ளோ ஜோரா இருக்கும்!" என்றார்.

எனக்குப் பிடித்துக்கொண்டது. கிராஃப் நோட்டு வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கட்டம் கட்டமாக வரைந்தேன். எட்டுப் புள்ளி உயரத்துக்குள் 'ழ' உட்கார மாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்தது. கடைசியில் உட்கார்ந்தது. "நல்வரவு", "கதவு மூடுகிறது", "முதல் தளம்" என்று அது ஓடியபோது கீழே பட்டறையில் இருந்தவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதன்பிறகுதான் தெரிந்தது, புரோகிராம் சின்ன சிப்பில் கொள்ளவில்லை. சில நூறு பைட் அதிகம். ஒரே ஒரு வாசகத்தை எடுத்திருந்தால் கொண்டிருக்கும். மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை போர்டு போக வேண்டும். -O0-வில் கடைசியில் இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு s என்று போட்டேன். புரோகிராம் சின்ன சிப்பில் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. அம்மாடி என்று இருந்தது.

பெரிய சிப்புக்கு மட்டும் -O0-வையே விட்டுவைத்தேன். -Os போட்டால் டெஸ்ட் செய்யும்போது எந்த வரி ஓடுகிறது என்று பிடிபடாது, வரிகள் தாறுமாறாகக் குதிக்கும். ஆக, முழு டெஸ்டும் பெரிய சிப்பில் நடந்தது. சின்ன சிப்பைப் போட்டு நாலு தடவை மேலே கீழே ஓட்டிப் பார்த்தேன், எழுத்து ஓடியது, போதும் என்று அனுப்பினேன்.

எங்கள் எம்.டி. சிவராமன் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கட்டடத்துக்குப் போகும் ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் வெள்ளை ஸ்டிக்கர். அதில் வெர்ஷன் நம்பர், என் இனிஷியல், பக்கத்தில் சார் தன் கையால் பச்சை மையில் ஒரு புள்ளி. நான் சேர்வதற்கு முன்னால் யாரோ ஒருவர் அரைகுறை டெஸ்ட் சிப்பை ஒரு சைட்டில் மறந்து விட்டுவிட்டு வந்து பெரிய வம்பாகியிருக்கிறது. அன்றிலிருந்து சட்டம். "பச்சைப் புள்ளி இல்லாத சிப் சைட்ல இருக்கவே கூடாது. டெஸ்டுக்கு எதை வேணா போடு, கிளம்பும்போது புள்ளி வெச்சத மாட்டிட்டு வா" என்பார். நல்ல சட்டம்தான். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

2. மூன்றே கட்டம்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்தியவர் காதர் பாய். பம்மல்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர் வயர் கட்டுவதைப் பார்க்க வேண்டும், இறுக்கிப் பின்னிய ஜடை மாதிரி இருக்கும். ஒவ்வொரு நுனியிலும் நம்பர் போட்டு மாட்டியிருப்பார். அவருடைய பெண் ஃபர்ஹானா ஆறாவது படித்தாள். அவளுடைய கிளாஸ் டீச்சர் அந்த அப்பார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் குடி வந்திருந்தார், சரோஜா டீச்சர்.

"எங்க அத்தா போட்ட லிஃப்டுலதான் எங்க மிஸ் இறங்கி வர்றாங்கன்னு ஸ்கூல் பூரா சொல்லிகினு திரியுது மேடம். தலை வலிக்குது" என்று பாய் சொன்னார். தலை வலிக்கிற முகமாக அது இல்லை.

எல்லோரும் குடிவந்து இரண்டு வாரம் இருக்கும். லிஃப்ட் முதல் தடவை நின்றது. ஒரு மாடியில் கதவு மூடியபடி நிற்கிறது, எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைவதில்லை. மெயினை அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். மொட்டை மாடியில் மெஷின் ரூம். பச்சைப் புள்ளி சிப்பை நெம்பி எடுத்தேன், என் பெரிய சிப்பைச் செருகினேன். என்ன நடக்கிறது என்று லேப்டாப்புக்குச் சொல்லும் சிப் அதுதான். அரை நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. சட்டப்படி மறுபடி பச்சைப் புள்ளியை மாட்டினேன்.

கிளம்பும்போது சைட் விசிட் ரிப்போர்ட் எழுத வேண்டும். அச்சடித்த ஃபாரம். 'காரணம்' என்று போட்டு மூன்று கட்டம் இருக்கும்: போர்டு, மின்சாரம், சைட் வயரிங். லிஃப்ட் நின்ற நேரத்திலும் டிஸ்ப்ளேயில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். எழுத்து ஓடினால் போர்டுக்கு உயிர் இருக்கிறது. கரன்ட் அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. மிச்சம் என்ன? வயரிங்கில் டிக் போட்டேன்.

காதர் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், வயரிங்னு போட்டுகீறீங்க? எந்த வயருன்னு சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

எந்த வயர் என்று எனக்கு என்ன தெரியும்? "எர்த் லூஸா இருக்கலாம் பாய்" என்றேன்.

மனிதர் அன்றைக்கே எர்த் முழுவதையும் அவிழ்த்து மறுபடி போட்டார். பத்து நாளில் லிஃப்ட் இரண்டாவது தடவை நின்றது. மறுபடி போனேன், பெரிய சிப், அரை நாள், ஒன்றுமில்லை, பச்சைப் புள்ளி, வயரிங், டிக். இந்த முறை "டோர் லைன் கேபிள் பாருங்க" என்றேன். நாலு மாடிக்கும் புதுக் கேபிள் இழுத்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே சைட்டில் மூன்று முறை வயரிங் என்று டிக் விழுந்தால் அந்த ஆளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடலாம், அந்த பில்டரின் மற்ற கட்டடங்களிலும் அவருக்கு வேலை கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும்.

3. செரி மேடம்

மூன்றாவது தடவை ஒரு புதன்கிழமை காலை. ஆபீசுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். செல்போன் அடித்தது.

"மேடம், லிஃப்டு நின்னு போச்சு. டீச்சரம்மா உள்ள மாட்டிகினாங்க. நான் வண்டில வந்துகினு கீறேன். நீங்களும் வந்துடுங்க மேடம்."

நான் போவதற்குள் பாய் வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். மெயினை அணைக்கலாம் என்றால் மெஷின் ரூம் சாவியும் அவரிடம்தான், அவர் பம்மலிலிருந்து வருவதற்கு இருபது நிமிஷம் ஆகியிருந்தது. டீச்சருக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் வேறு பையில் இருந்திருக்கிறது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பேச முடிந்ததும் டீச்சர் காதர் பாயைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது: "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவ உள்ள இருந்திருந்தா இப்படித்தான் வேலை பார்த்து வெச்சிருப்பீங்களா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அப்பார்ட்மென்ட் சங்கத்துச் செக்ரெட்டரி சுந்தரேசன் சார் என் பக்கம் திரும்பினார். ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆனவர், கண்டிப்பான ஆள். "மூணாவது தடவைம்மா இது. ரிப்போர்ட்டை எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல இவரை மாத்திடறோம். புது ஆள் பார்த்தாச்சு."

மேலே போனேன். அதே சடங்கு. அதே ஒன்றுமில்லை. கீழே எல்லோரும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். மூன்றாவது டிக்கையும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"மேடம், இத்த கொஞ்சம் பாருங்க" என்று காதர் பாய் கூப்பிட்டார். கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் கோடு கோடாக எழுதி வைத்திருந்தார். நின்ற நாள், நேரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம்.

"நீங்க உங்க பெரிய சிப்பு போட்டு ஓட்டினீங்களே, அப்ப ஒரு வாட்டி கூட நிக்கல. பச்சப் புள்ளி மாட்டிட்டு போன பின்னாலதான் நிக்குது. அதுவும் எப்ப? எவனாவது கதவ புடிச்சிகினு பேசினா, சாமான் ஏத்தினா. இன்னிக்கு கூட டீச்சரம்மா கதவ புடிச்சிகினு பால்காரன் கிட்ட பேசிகினு இருந்தாங்களாம். போன வாட்டி உங்க சிப்பு இருக்க சொல்ல எங்காளு கதவ புடிச்சி பீரோ ஏத்தினான், அப்ப நிக்கல. வட்டம் எல்லாம் பச்சப் புள்ளி மேடம்."

இதைக் கேட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே உட்கார்ந்து கதவைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். நானோ எரிந்து விழுந்தேன். "ரெண்டுலயும் ஒரே புரோகிராம்தான் பாய். எட்டு வருஷமா எழுதறேன், எனக்குத் தெரியாதா? சிப் மேல பழி போடாதீங்க. உங்க வயரைப் பாருங்க."

அவர் "செரி மேடம்" என்றார். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த "செரி மேடம்" என்னை விடவில்லை.

4. பத்து எண்ணிவிட்டு

ஷேர் ஆட்டோவில் குரோம்பேட்டை திரும்பும்போது மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே புரோகிராம்தானே, ஒரே புரோகிராம்தானே என்று. தாம்பரம் தாண்டும்போது சட்டென்று உறைத்தது. புரோகிராம் ஒன்று. ஃப்ளாக் ஒன்றா?

ஆபீசுக்கு ஓடினேன். அந்த சைட்டுக்கு ஸ்பேராக வைத்திருந்த பச்சைப் புள்ளி சிப்பை எடுத்து எங்கள் டெஸ்ட் போர்டில் செருகினேன். அதில் லிஃப்ட் கதவுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். டக்கென்று தட்டினால் கதவு மூடியதாகக் கணக்கு. அந்த ஸ்விட்ச்சை நான் ஆயிரம் தடவை தட்டியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் டக்கென்று. அன்றைக்குத் தட்டாமல் விட்டுவைத்தேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். பிறகு தட்டினேன்.

லிஃப்ட் கிளம்பவில்லை. பட்டனை அமுக்கினேன், ஒன்றுமில்லை. டிஸ்ப்ளேயில் மட்டும் நான் கட்டம் கட்டமாக வரைந்த எழுத்து "கதவு மூடுகிறது, கதவு மூடுகிறது" என்று சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சிப்பை மாட்டி அதையே செய்தேன். பத்து எண்ணித் தட்டினேன். லிஃப்ட் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது.

நடந்தது இதுதான். கதவு மூடியதும் 'மூடியாச்சு' என்று ஒரு இடத்தில் குறித்து வைக்கும் வேலையை இன்டரப்ட் என்ற ஒரு தனிப் பகுதி செய்யும். மெயின் புரோகிராம் கதவு மூடச் சில விநாடி கொடுத்துவிட்டு, அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி நிற்கும், விழுந்ததும் லிஃப்டைக் கிளப்பும். -O0 போட்டால் காம்பைலர் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் போய்ப் பார்க்கும்படி செய்துவிடும். -Os போட்டதும் அது யோசித்தது: "இந்தச் சுற்றுக்குள் இந்தக் குறிப்பை யாரும் மாற்றவில்லையே, சும்மா சும்மா ஏன் பார்க்க வேண்டும்? ஒரு தடவை பார்த்தால் போதும்." அந்த ஒரு தடவை பார்க்கும்போது கதவு மூடியிருந்தால் பிழைத்தோம். யாராவது கதவைப் பிடித்துக்கொண்டிருந்தால் 'மூடவில்லை' என்பதையே பிடித்துக்கொண்டு காலம் முழுக்க நிற்கும்.

காம்பைலர் மேல் தப்பே இல்லை. "இதை வேறொருவர் மாற்றுவார், ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்" என்று அதற்குச் சொல்ல volatile என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது. நான் அதை எழுதவில்லை. -O0 இருந்தவரை எழுதாததன் வலி தெரியவில்லை. புரோகிராம் மாட்டிக்கொண்டால் சிப்பைத் தானாக ரீசெட் செய்ய வாட்ச்டாக் என்று ஒரு காவல் உண்டு. எழுத்தை ஓட்டும் அதே இன்டரப்டில் அதற்கும் "எல்லாம் நலம்" என்று தகவல் போகும்படி எழுதி வைத்திருந்தேன். மெயின் புரோகிராம் மாட்டிக்கொண்டது அதற்கு எப்படித் தெரியும்?

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. லேப்டாப்போடு மூன்று முறை போய் எனக்குப் பிடிபடாததை ஒருத்தர் சுவரில் பென்சிலால் பிடித்துவிட்டார். அவரைத்தான் நான் அதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

5. பாயை எடுத்தோம், சரியாப்போச்சு

மறுநாள் சிவராமன் சாரைக் கூப்பிட்டு, பத்து எண்ணித் தட்டிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை தானே தட்டிப் பார்த்தார்.

"volatile போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். -Os-லயே இடம் பத்துது. பெரிய சிப், சின்ன சிப் ரெண்டுக்கும் இனிமே அதே ஃப்ளாக்தான். நேத்துலேர்ந்து ஓட்டறேன், நிக்கல."

"அப்ப சரிம்மா ஹேமா. அந்த சைட்டுக்குப் புது சிப் பண்ணு. ரொட்டீன் சர்வீஸ்னு சொல்லி மாத்திட்டு வந்துடு. ரிப்போர்ட் கிப்போர்ட்டெல்லாம் வேணாம். சின்னக் கம்பெனி நாம, பேர் கெட்டா எழுந்திருக்க முடியாது."

"ஞாயித்துக்கிழமை காதர் பாயை எடுக்கறாங்க சார்."

"பாவம்தான். வேற எங்கயாவது வேலை சொல்லி விடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. ஒன்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பவர் அப்படித்தான் யோசிப்பார். எனக்கும் என் வேலை என்ன ஆகுமோ என்று பயம் இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"சார், நாளைக்கு நான் சிப்பை மாத்திடுவேன். ஞாயித்துக்கிழமை புது ஆள் வருவாரு. திங்கக்கிழமைலேர்ந்து லிஃப்ட் நிக்கவே நிக்காது. எல்லாரும் என்ன சொல்லுவாங்க? பாயை எடுத்தோம், சரியாப்போச்சும்பாங்க. நாம நல்லா ரிப்பேர் பண்ணப் பண்ண அவர் மேல பழி இன்னும் ஸ்ட்ராங்காதான் ஆவும். அந்த மனுஷன் ஆயுசுக்கும் அதை அழிக்க முடியாது சார். மூணு டிக்கும் என் கையெழுத்து." ஆபீசில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

சார் டெஸ்ட் போர்டிலிருந்து அந்த சிப்பை நெம்பி எடுத்தார். முதுகில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தார். பச்சைப் புள்ளி பாதி கிழிந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

"புள்ளி வெச்சது நான்தானேம்மா" என்றார். விரலைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை மீட்டிங் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

6. நாலாவது கட்டம்

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். புது மெக்கானிக் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காதர் பாய் பின்னால் ஒரு தூண் ஓரமாக நின்றிருந்தார், கையில் மெஷின் ரூம் சாவி. ஒப்படைத்துவிட்டுப் போவதற்காக வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கசப்பு வந்து போனது. இவர்கள் வேறு எதற்கு வந்தார்கள் என்று நினைத்திருப்பார்.

நான் புது ரிப்போர்ட் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஃபாரத்தில் இருந்த மூன்று கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'புரோகிராம்' என்று எழுதி, அதில் டிக் போட்டிருந்தேன். எழுந்து நின்று வாசித்தேன். ஃப்ளாக், காம்பைலர் எதுவும் சொல்லவில்லை. "தப்பு நான் எழுதின புரோகிராம்ல. வயரிங்ல ஒரு குறையும் இல்ல. மூணு தடவையும் பார்க்காமலே அவர் மேல போட்டுட்டேன். காரணத்தைக் கண்டுபிடிச்சது காதர் பாய். சொன்னார், நான்தான் கேக்கல" என்றேன். சிவராமன் சார் எழுந்து, "பாஸ் பண்ணி அனுப்பினது நான். என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சுந்தரேசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சிக்னல் டிபார்ட்மென்ட்ல இருந்தவன். சிக்னல்ல கோளாறுன்னாலும் முதல்ல டிரைவரைத்தான் பிடிப்பாங்க. எத்தனை பேருக்காக நான் வாதாடியிருக்கேன். இங்க வந்து நானே அதைப் பண்ணியிருக்கேன் பாருங்க" என்றவர், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தூண் பக்கத்தில் போட்டார். "உக்காருங்க பாய். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

பாய் உட்காரவில்லை. சரோஜா டீச்சர் எழுந்து வந்தார். "நான் அன்னிக்கு என்னென்னமோ சொல்லிட்டேன்..." என்று ஆரம்பித்தார்.

"அய்ய, வுடுங்க டீச்சர். மூச்சு முட்டி வந்தீங்க, உசுரு போற பயம். நானா இருந்தாலும் அப்டித்தான் பேசியிருப்பேன்" என்றார் பாய். பிறகு குரல் தழைந்தது. "எம் பொண்ணுதான் ரெண்டு நாளா ஸ்கூலுக்கு போவ மாட்டேங்குது. எங்க அத்தா லிஃப்டால மிஸ்ஸுக்கு இப்டி ஆயிடுச்சே, மூஞ்ச எப்டி பாப்பேன்னு ஒரே அழுவ. அவகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஸ்கூல்ல பார்த்துச் சொல்றது எதுக்கு? இப்பவே போலாம். ஒரு ஆட்டோ பிடிங்க பாய்." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். ஆட்டோ பம்மலுக்குப் போனது. மீட்டிங் அத்தோடு கலைந்தது. திங்கட்கிழமை ஃபர்ஹானா ஸ்கூலுக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது.

அதன் பிறகு எங்கள் ஆபீசில் சில விஷயங்கள் மாறின. எதை அனுப்புகிறோமோ அதையே டெஸ்ட் செய்வோம், டெஸ்டுக்கு ஒன்று சைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஃப்ளாக் கிடையாது. டெஸ்ட் போர்டில் டக் ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு, மெதுவாக மூடும் ஒரு நிஜக் கதவைக் காதர் பாயையே வைத்துப் பொருத்தினோம். ரிப்போர்ட் ஃபாரத்தைப் புதிதாக அச்சடித்தபோது 'புரோகிராம்' முதல் கட்டமாக வந்தது. அது சிவராமன் சாரின் உத்தரவு. ஃப்ளாக்கை மாற்றாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, தாராளமாக மாற்று. மாற்றியபின் ஏதாவது கோளாறு என்றால், மற்றவர்களுக்கு முன்னால் உன் புரோகிராமைச் சந்தேகப்படு. அதுதான் நான் படித்த பாடம்.

மீட்டிங்குக்கு மறுநாள் புது சிப்பை மாட்ட நான் பெருங்களத்தூர் போனபோது காதர் பாயும் மெஷின் ரூமுக்கு வந்திருந்தார். பத்து எண்ணிக் கதவை விட்டோம், இருபது எண்ணி விட்டோம், லிஃப்ட் நிற்கவே இல்லை. கிளம்பும்போது சுவரில் அந்தப் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது. பையிலிருந்து ரப்பரை எடுத்து, "அழிச்சிடவா பாய்?" என்று கேட்டேன்.

"வேணாம் மேடம், இருக்கட்டும்" என்று சிரித்தார். "அடுத்த வாட்டி வந்தீங்கன்னா, இத்த ஒரு தபா பாத்துட்டு டிக்கு போடுங்க."